அன்ரிஜனா, பி.சி.ஆரா?

உப்புவெளியில் அம்மம்மாவைப் பார்க்கப் போகிற நாளில் தொண்டை கரகரக்கிறது. கொவிட்டா என்று அறிய இரண்டு சோதனைகள் உண்டு: வைரசின் புரதத்தைத் தேடும் அன்ரிஜன், வைரசின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். எதைச் செய்வது?

நேரம்: அன்ரிஜன் 15 முதல் 30 நிமிடம். பி.சி.ஆருக்கு மணிக்கணக்கு, சிலவேளை நாள்கணக்கு.

செலவு: அன்ரிஜன்தான் மலிவு.

துல்லியம்: இங்கேதான் சிக்கல். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2022 மீளாய்வின்படி, கொவிட் தொற்றியவர்களில் அறிகுறி உள்ள 100 பேரில் சுமார் 73 பேரை அன்ரிஜன் பிடிக்கும். அறிகுறி இல்லாவிட்டால் 55தான். அன்ரிஜன் சோதனைப் பட்டையில் இரண்டாம் கோடு மங்கலாகத் தெரிந்தாலும் தொற்றுத்தான். ஒற்றைக் கோடு என்றால் தொற்றைத் தவறவிட்டிருக்கலாம், 48 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். பி.சி.ஆர். மரபணுத் துணுக்கைப் பெருக்கிப் பார்ப்பதால் கொஞ்ச வைரசையும் விடாது. சுகமாகி வாரங்கள் போனபிறகும் ‘பொசிட்டிவ்’ காட்டலாம், அது வேறு தலையிடி.

வீட்டில் உடனே தெரிய அன்ரிஜன் சரி. மருந்து தொடங்க வைத்தியருக்கு உறுதி வேண்டுமென்றால் பி.சி.ஆர். ஒற்றைக் கோடு வந்தாலும், கரகரப்போடு நான் அம்மம்மாவிடம் போகமாட்டேன்.