கான்பூர் .32 ரிவால்வர்: தோட்டவீட்டுக்கு ஒத்துவருமா?

கான்பூரில் செய்யும் கைத்துப்பாக்கி இது; .32 என்பது குண்டின் அளவு. ஆறு குண்டு கொள்ளும், எடை சுமார் 700 கிராம். கொண்டியைத் தள்ளி நடுவில் மடக்கினால் சுட்ட கூடுகள் ஆறும் ஒரேயடியாக வெளியே வரும், அருமையான அமைப்பு. குழல்தான் குட்டை, 3 அங்குலம். துப்பாக்கியின் பின்புறமுள்ள சுத்தியலைப் பின்னிழுக்காமல் சுட்டால் விசையை இழுப்பது கனக்கும், குறி விலகும். தோல் உறையிலேயே போட்டு வைக்காதீர்கள். ஐப்பசி அடைமழையில் தோல் ஈரத்தை இழுத்து, இரும்பில் துரு பூத்துவிடும். எண்ணெய்த் துணியால் துடைத்துத் தனியே வையுங்கள்.

உரிமத்துக்கு ஆட்சியரிடம் விண்ணப்பம், நெல்லை மாநகருக்குள் என்றால் காவல் ஆணையர். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தப்படி உரிமம் 5 ஆண்டு செல்லும். தேர்தல் வந்தால் பெரும்பாலும் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிவரும். பிள்ளைகள் உள்ள வீட்டில் பூட்டித்தான் வைக்கணும். பூட்டினால் நடுராத்திரியில் கைக்கு எட்டாது. களக்காடு பக்கம் ஒற்றை வீடென்றாலும் முதலில் இரும்புக் கதவு, வெளிவிளக்கு, நல்ல நாய். இதை வாங்கச் சொல்லமாட்டோம்.