கோட்டை மைதானத்து நடையும் பள்ளிக்கூடத்து வீணைக் கச்சேரியும்

மன அழுத்தம், மனச்சோர்வு பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுகிறோம் என்று வேலூரில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்குப் பணம் கட்டிப் போனேன். ஒன்று கோட்டை மைதானத்தில் தொடங்கிய காலை நடை. இன்னொன்று சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட அரங்கில் வீணைக் கச்சேரியும் சாப்பாடும். நடத்தியவர்கள் வேறு வேறு ஆட்கள். பெயர் போடப் போவதில்லை. இரண்டு தரப்பும் நல்ல எண்ணத்தில் செய்கிறவர்கள்தான், அதில் சந்தேகமில்லை.

நான் கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பில்லில் ஒரு ரூபாய் இடித்தாலும் திருப்பி அனுப்பிப் பழகிய கை. அந்தக் குணம் இதிலும் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். காட்பாடியில் இருக்கும் என் தம்பி பல வருடமாக மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறான். இந்த மாதிரி நோட்டீஸ் கண்ணில் பட்டால் நான் நின்று படிப்பது அதனால்தான்.

முதலில் நடை. கட்டணம் 400 ரூபாய். அதற்கு ஒரு டீ-சர்ட், தண்ணீர் பாட்டில், வாழைப்பழம், முடித்தவர்களுக்குக் கழுத்தில் ஒரு பதக்கம். காலை ஐந்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அகழி ஓரமாகப் போய் மக்கான் சிக்னலைத் தொட்டு அண்ணா சாலை வழியாகத் திரும்ப வேண்டும். ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது. போலீஸ் நின்றது, ஆம்புலன்ஸ் நின்றது, வயசானவர்கள் உட்கார வழியில் நாற்காலி போட்டிருந்தார்கள். நம்ம ஊர் வெயிலைத் தெரிந்தவர்கள், ஏழரைக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். டீ-சர்ட் மட்டும் வேர்வையை உறிஞ்சாத ரகம், வீட்டில் வண்டி துடைக்கப் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளத்துக்காரர்கள் சிலர் டீக்கடை வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இந்தியில் என்னிடம், இது எந்தக் கட்சி ஊர்வலம் என்று கேட்டார். எல்லாரும் ஒரே நிறச் சட்டை, முன்னால் பேனர், பின்னால் மைக். அவர் கேட்டதில் என்ன தப்பு?

அந்த பேனரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். "கவலையை மறப்போம், சிரித்து வாழ்வோம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். சிரித்தால் சரியாகிவிடும் என்றால் ஆராய்ச்சி எதற்கு, என்னிடம் 400 ரூபாய் எதற்கு? கீழே முழுக்க நகைக்கடை, ஜவுளிக்கடை, ரியல் எஸ்டேட் விளம்பரம். 14416 என்ற எண்ணுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் அது. காசு இல்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம். ஒரு நகைக்கடையைக் கொஞ்சம் சிறிதாக்கியிருந்தால் போதும்.

இதைவிடப் பெரிய குறை நேரம். தம்பியையும் கூப்பிட்டிருந்தேன். "இன்னாக்கா நீ, காலையில பல்லு வெளக்கறதே எனக்கு மலை ஏர்ற மாதிரி. அஞ்சரைக்கு வந்து டான்ஸ் ஆடச் சொல்றியா?" என்றான். டான்ஸ் என்று அவன் சும்மா சொன்னான், அங்கே போனால் நிஜமாகவே ஸ்பீக்கர் போட்டு ஆடச் சொன்னார்கள். மனச்சோர்வு கடுமையாக இருக்கும் பலருக்கு விடிவதற்கு முன்பே முழிப்பு வந்துவிடும், மறுபடி தூக்கம் பிடிக்காது. அன்றைய பொழுதில் காலைதான் ரொம்ப மோசமாக இருக்கும், சாயங்காலம் ஆக ஆகக் கொஞ்சம் இறங்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே மருத்துவர்கள்தான். மேடையிலும் மருத்துவர்கள் இருந்தார்கள். யாருக்காக நடக்கிறோமோ அவர்கள் எழுந்து வர முடியாத நேரமாகப் பார்த்து ஏன் வைக்க வேண்டும்?

சரி, நடையில் உருப்படியான ஒன்று இருந்தது. பந்தல் ஓரத்தில் ஒரு மேசை, அதில் ஆராய்ச்சி செய்கிற ஒரு இளம்பெண். கூட்டம் பதக்கத்தோடு போட்டோ எடுக்கப் போய்விட, நான் அவரிடம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தேன். மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, அது சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, அங்கிருந்து கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் வருகிறதாம். ஆபத்து தீர்ந்ததும் அடங்க வேண்டிய இந்த ஏற்பாடு, மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒழுங்காக அடங்குவதில்லை என்றார். மருந்து வேலை செய்யவே சில வாரம் ஆகும், முதலில் கொடுக்கும் மருந்து எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, யாருக்கு எது ஒத்துவரும் என்று முன்கூட்டியே சொல்லவும் வழி இல்லை. தம்பிக்கு மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்த காலத்தில் எங்களுக்கு இதை இவ்வளவு தெளிவாக யாரும் விளக்கவில்லை.

கோவாவில் நடந்த ஒரு ஆய்வையும் சொன்னார். மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் செய்து 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருத்துவம் படிக்காத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த மனச்சோர்வு நோயாளிகளோடு ஆறிலிருந்து எட்டு அமர்வுகள் உட்கார்ந்து பேச வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அப்படிப் பேசப்பட்டவர்களில் 64 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம். எனக்கு இது பிடித்தது. போட்ட பணத்துக்கு என்ன வந்தது என்று காட்டுகிற கணக்கு. நம் பக்கத்துக்கும் பொருந்தும், பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1950களிலிருந்து இருக்கிறது, நோயாளியோடு வீட்டு ஆளும் கூடத் தங்கிப் பார்த்துக்கொள்ளும் முறைக்குப் பெயர் போனது. குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பது வேலூருக்குப் புதிதில்லை.

பணம் எதற்குப் போகும் என்று கேட்டேன். ஆராய்ச்சி என்றதும் நாம் பெரிய கருவிகளை நினைக்கிறோம், இந்த மாதிரி ஆய்வில் அதிகம் செலவாவது ஆட்களுக்குத்தான் என்றார். கேள்வி கேட்கப் போகிறவருக்குச் சம்பளம். ஆறு மாதம் கழித்து அதே ஆளைத் தேடிப் போய் மறுபடி கேட்க வேண்டும், அதற்குப் பஸ் காசு. பேரணாம்பட்டுக்குப் போனால் வீடு பூட்டியிருக்கும், ஆள் ஆம்பூர் ஷூ கம்பெனி ஷிப்டுக்குப் போயிருப்பார், ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போகணும். பாதிப் பேரை இப்படி விட்டுவிட்டால் அந்த ஆய்வையே நம்ப முடியாதாம். பயணப்படி பில்லைப் பாஸ் பண்ணியே தலை நரைத்த எனக்கு இது சட்டென்று புரிந்தது.

ஆனால் அதே மேசையில் ஒரு காரியம் செய்தார்கள், அது சரியில்லை. மனச்சோர்வின் அளவைப் பார்க்கும் ஒன்பது கேள்வித் தாளைத் தமிழில் அச்சடித்து, பேனாவோடு கையில் கொடுத்து அங்கேயே நிரப்பச் சொன்னார்கள். மறைப்பு எதுவும் இல்லை. ஒருவர் எழுத, அவர் மனைவி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்று தோன்றியதா, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியதா என்பது. பந்தலில் நின்றுகொண்டு அதற்கு யார் உண்மையைக் குறிப்பார்கள்? அப்படியே ஒருவர் குறித்துவிட்டால் உடனே தனியாகக் கூப்பிட்டுப் பேச அங்கே யார் இருந்தார்கள்?

இனி கச்சேரி. சாப்பாட்டோடு 350 ரூபாய், சாயங்காலம் ஆறு மணி. ஆரம்பிக்கத் தாமதமானது, மைக் முதல் இரண்டு கீர்த்தனைக்கு இரைந்துகொண்டே இருந்தது. வாசித்த பெண் நன்றாகவே வாசித்தார், அதற்கு மேல் சொல்லும் அளவுக்கு எனக்கு சங்கீத ஞானம் கிடையாது. எனக்குப் பிடித்தது வேறு. பின்வரிசையில் விளக்கைக் குறைத்து, நாற்காலிகளை நெருக்காமல் போட்டு, "நடுவில் எழுந்து போகலாம், திரும்பி வரலாம்" என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். பேச்சு கொஞ்ச நேரத்தில் முடிந்தது. யாரையும் கைதட்டச் சொல்லவில்லை, அனுபவத்தைப் பகிருங்கள் என்று மேடைக்கு இழுக்கவும் இல்லை. தம்பி வந்தான். கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான், இடையில் வெளியே போனான், திரும்பி வந்தான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

சாப்பாட்டில் எலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் போட்டுக் காரக்குழம்பு. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது. காம்பில் முள் இருக்கும், வெந்தால் வெண்ணெய். ரசத்தில் மட்டும் உப்பு தூக்கல்.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அரங்கு இலவசம், கலைஞருக்கு இவ்வளவு, சமையலுக்கு இவ்வளவு, ஆய்வுக்கு மீதி இவ்வளவு என்று கையால் எழுதி, பொருளாளர் கையெழுத்து. நடை முடிந்த இடத்தில் இதைக் கேட்டதற்கு "மெயில் பண்ணுவாங்க மேடம்" என்று அங்கே நின்ற ஒரு பையன் சொன்னான். ஒன்று உண்டு: கச்சேரிக்காரர்களிடம் கணக்குத் தாள் இருந்தது, அந்தப் பணத்தில் என்ன ஆய்வு நடக்கிறது என்று விளக்க ஆள் இல்லை. அந்த மேசைப் பெண்ணை அங்கே உட்கார வைத்திருந்தால் நான் 350க்குப் பதில் 1000 கொடுத்திருப்பேன்.

மனச்சோர்வு உள்ள ஒருவரைக் கூட்டிப் போக நினைத்தால் கச்சேரிக்குப் போங்கள். நடக்கத்தான் ஆசை என்றால் நடைக்கும் போகலாம், பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அந்த மேசைக்கு முதலில் போங்கள். வரிச்சலுகைக்காகக் கொடுப்பவர்கள், அந்தச் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான், 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். கச்சேரி ரசீது அன்றைக்கே கைக்கு வந்தது. நடைக்கு இன்னும் வரவில்லை, கேட்டு எழுதியிருக்கிறேன்.