வீசிஆரில் ‘மோட்டார் போச்சு’ என்று சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

பழைய வீசிஆரை, அதாவது வீடியோ கேசட் ஓட்டும் பெட்டியை, பழுது பார்க்கக் கொடுக்கப் போகிறவர்கள் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

என் விஎச்எஸ் பெட்டியில் கேசட் ஒழுங்காக உள்ளே போகும். டிரம் (டேப்பிலுள்ள படத்தைப் படிக்கும் ஹெட் பொருத்திய உருளை) சுற்றும், பிளே அழுத்தினால் ஓரிரு நொடி படமும் வரும். அதோடு நின்றுவிடும். சில நாள் தானாகவே சரியாகி முழு கேசட்டும் ஓடும், மறுநாள் பழைய கதை. பழைய மின்னணுச் சாதனங்களைச் சரிசெய்து தருவதாக விளம்பரம் செய்துகொண்டிருந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தார். மீட்டரைத் தொடவில்லை. “கேப்ஸ்டன் மோட்டார் போயிடுச்சு, புதுசுதான் போடணும்” என்றார். கேப்ஸ்டன் என்பது டேப்பைச் சீரான வேகத்தில் இழுக்கும் தண்டு. புது மோட்டார் போட்டதாகச் சொல்லிப் பணமும் வாங்கிக்கொண்டார். கொஞ்ச காலம் ஓடியது. பிறகு அதே கோளாறு, கூடவே டேப் வழுக்கிப் பாட்டும் பேச்சும் இழுத்துக்கொண்டே வந்தன.

கொடுப்பதற்கு முன் உள்பாகங்களைப் படம் எடுத்து வைத்திருந்தேன். திறந்து ஒப்பிட்டால், உள்ளே இருந்தது என் பழைய மோட்டாரேதான்! அதன் சர்க்யூட் தகட்டில் அச்சான அதே எண், ஓரத்தில் அதே கீறல். புதிதாக வந்திருந்தது எண்ணெய் மட்டுமே. துருநீக்கி ஸ்பிரேயை அள்ளி அடித்திருக்கிறார். அது கேப்ஸ்டன் தண்டிலிருந்து, டேப்பை அந்தத் தண்டோடு அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலருக்கும் பெல்ட்டுக்கும் பரவியிருந்தது. ரப்பரில் எண்ணெய் பட்டால் பிடிமானம் போய்விடும், பிறகு ரப்பரே ஊதிக் கெட்டுவிடும். வறண்ட பேரிங்குக்கு வேண்டியது ஊசிமுனையில் ஒரு துளி மெல்லிய எண்ணெய், அவ்வளவுதான்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். வீசிஆர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட ஜப்பானின் ஃபூனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ‘புது மோட்டார்’ என்று சொல்கிறவரிடம் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. பெரும்பாலும் வேறொரு பழைய பெட்டியில் கழற்றியதாகத்தான் இருக்கும். அதை அப்படியே சொல்லிப் போட்டால் தப்பில்லை. மறைப்பதுதான் மோசடி.

உண்மையான கோளாறை மின்னணுவியல் தெரிந்த என் நண்பர் கண்டுபிடித்தார். மோட்டாருக்கு வரும் வோல்டேஜ் சரியாக இருந்தது. மூன்று சுருள்களின் மின்தடையை இரண்டிரண்டு முனையாக அளந்தார், மூன்றும் ஒரே அளவு. அப்படியானால் சுருள் எரியவில்லை. பிறகு மோட்டார் தகட்டிலிருந்த சின்னச் சின்ன எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களை (உள்ளே திரவம் உள்ள, மின்சாரம் தேக்கும் உறுப்புகளை) கழற்றினார். அடியில் திரவம் கசிந்து, செம்புத் தடம் ஓரிடத்தில் அரித்தே போயிருந்தது. கெபாசிட்டர்களை மாற்றி, தகட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அறுந்த தடத்துக்கு ஒரு கம்பி இழுத்தார். பிஞ்ச் ரோலரும் பெல்ட்டும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்தச் செலவு முழுக்க ஸ்பிரேயால் வந்தது. மோட்டார் இப்போது நன்றாகவே சுற்றுகிறது.

ஓடி நிற்கும் பெட்டியில் மோட்டாரைக் குற்றம் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு பல உண்டு. டேப்பைச் சுருட்டும் ரீல் சுற்றவில்லை என்று சென்சார் சொன்னால், டேப் உள்ளே குவிந்துவிடாமல் இருக்கப் பெட்டி தானே நின்றுவிடும். ரீலைச் சுற்றவைக்கும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் இறுகிப்போனாலும், பெல்ட் தொய்ந்தாலும் இதே அறிகுறிதான். கேசட்டே உள்ளே இறங்கவில்லை என்றால் அது கேசட்டை உள்ளே இழுக்கும் லோடிங் மோட்டார் பக்கத்து விவகாரம், அல்லது பெட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் மோட் சுவிட்ச் அழுக்கேறியிருக்கும். ஆகவே மூடியைத் திறந்து டிரம், கேப்ஸ்டன் தண்டு, ரீல் ஆகிய மூன்றில் எது நிற்கிறது என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். திறந்து ஓட்டும்போது பளீரென்ற விளக்கு உள்ளே அடிக்கக் கூடாது. டேப் முடிந்ததை உணரும் சென்சார் ஏமாந்துபோய், இல்லாத கோளாறைக் காட்டும். நீங்களே திறப்பதானால் பவர் சப்ளை பக்கம் கையே போகக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்குள்ள பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

மாற்றிய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லி முதலிலேயே எழுதி வாங்குங்கள். “அதெல்லாம் தூக்கிப் போட்டாச்சு” என்ற பதிலை ஏற்காதீர்கள்.

பணத்தைவிட எனக்கு வலிப்பது வேறு. பெட்டியோடு சேர்த்து, சோதித்துப் பார்க்க என் கேசட் ஒன்றைக் கேட்டு வாங்கினார். என் தாத்தா பேசும் ஒரே பதிவு அதில்தான் இருந்தது. ரீல் சுற்றாத பெட்டியில் அதைப் போட்டு ஓட்டியிருக்கிறார். டேப் உள்ளே குவிந்து, கசங்கி, மடிந்து திரும்பி வந்தது. மடிப்பு விழுந்த டேப்பை அப்படியே ஓட்டினால் வீடியோ ஹெட்டும் உடையலாம் என்பதால் அந்தப் பகுதியை இன்னும் ஓட்டவில்லை. டேப் மீட்பு தெரிந்த ஒருவரிடம் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் சோதனைக்கு ஒரு வேண்டாத கேசட்டை மட்டும் கொடுங்கள்.