தானாக நகரும் பாயின்டர்: டிரைவரை மாற்றுவதா, கருவிகளை ஒவ்வொன்றாக முடக்குவதா?

மடிக்கணினியில் கை வைக்காதபோதே பாயின்டர் ஓடத் தொடங்கினால், அதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. டிரைவரை, அதாவது கருவியைக் கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருளை, நீக்கி மறுபடியும் நிறுவுவது ஒன்று. பாயின்டரை நகர்த்தக்கூடிய கருவிகளை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்ப்பது மற்றொன்று. பலரும் முதல் வழியிலேயே இறங்குகிறார்கள். இரண்டாவதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டிரைவர் மாற்றம் பயன்படும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகே தொல்லை தொடங்கியிருந்தால், கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ மூலம் பழைய பதிப்புக்குத் திரும்பிப் பார்ப்பது நியாயமானது. ஆனால் டச்பேட் பழுதாகித் தவறான சைகையை அனுப்புகிறது என்றால், எந்த டிரைவரும் அதைத்தான் திரைக்குக் கடத்தும்.

முடக்கிப் பார்க்கும் வழியில் ஒவ்வொரு படியும் ஒரு விடை தருகிறது. முதலில் வெளி மவுஸையும், வயர்லெஸ் மவுஸின் யுஎஸ்பி ரிசீவரையும் கழற்றிவிட வேண்டும். பையில் மறந்து வைத்த மவுஸ் அசைந்தாலும் பாயின்டர் நகரும். தொடுதிரை இருந்தால் அதை டிவைஸ் மேனேஜரில் முடக்கலாம். திங்க்பேட் கணினிகளின் விசைப்பலகை நடுவே உள்ள சிவப்புக் குமிழ் காரணமென்றால், சில நொடிகள் கையெடுத்தாலே அது தன்னைச் சீராக்கிக்கொள்ளும். அதற்குப் பழுதுபார்ப்பே தேவையில்லை.

டச்பேடை அணைத்ததும் பாயின்டர் நின்றுவிட்டால், அங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். விரல் பட்டதும் மின்தேக்கில் (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவில்) ஏற்படும் மாற்றத்தை உணர்ந்து டச்பேட் இயங்குவதால், வியர்வையும் ஈரமும் அதை ஏமாற்றும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓடவிடும்போது தொல்லை மறைந்தால், சார்ஜரையோ எர்த் இணைப்பையோ சந்தேகிக்கலாம்; வேறு மூன்று பின் சார்ஜரும் எர்த் உள்ள பிளக் பாயின்ட்டும் அதை உறுதிப்படுத்தும். டச்பேட் மேலெழும்பி, அழுத்தக் கடினமாக இருந்தால், அடியிலுள்ள பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். அப்போது சார்ஜ் செய்வதை உடனே நிறுத்திக் கணினியை அணைத்து, பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ செய்யாமல் சேவை மையத்தில் மாற்ற வேண்டும். இதைக் கவனிக்காமல் டிரைவரோடு மல்லுக்கட்டுவது ஆபத்தானது என்பதே நான் இரண்டாவது வழியை வற்புறுத்த முதன்மையான காரணம்.

எது என்று இன்னும் முடிவாகவில்லை என்றால், பென் டிரைவிலிருந்து உபுண்டு என்ற வேறொரு இயங்குதளத்தை நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். அங்கும் பாயின்டர் தானாக ஓடினால் கோளாறு பெரும்பாலும் வன்பொருளில்தான்; அங்கே அமைதியாக இருந்தால் டிரைவர் வழிக்குத் திரும்பலாம்.

பாயின்டர் தாறுமாறாக ஓடாமல், கோப்புகளைத் திறந்து பொத்தான்களைத் தேர்ந்து அழுத்துகிறது என்றால், இந்த ஒப்பீடே பொருந்தாது. யாரோ தொலைவிலிருந்து இயக்கக்கூடும் என்பதால், உடனே இணையத்தைத் துண்டித்து, நீங்கள் நிறுவாத ரிமோட் செயலி ஏதேனும் உள்ளதா என்று பார்த்து, கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.