தட்டித் தோற்றால் மதிப்புக் குறையுமா? டபிள்யூ.டபிள்யூ.ஈ 2கே16 கேமின் சப்மிஷன் முறை ஒரு பார்வை

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் ரெஸ்லிங் பார்க்கிற பொடியன்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று எண்ணும்வரை தோள் தரையில் கிடந்து தோற்றால் பரவாயில்லை, பிடியின் வலி தாங்காமல் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டால், அதாவது சப்மிஷனில் தோற்றால், கேவலம். இந்தக் கணக்கில் கொஞ்சம் நியாயமும் உண்டு. பின்னில், அதாவது அந்த மூன்று எண்ணிக்கையில், ஒருவன் அரை நொடி பிந்தியதால் தோற்கலாம், சுருட்டிப் பிடித்ததில் ஏமாந்து தோற்கலாம். தட்டும்போது மட்டும் தோற்றவனே தன் தோல்வியைச் சொல்கிறான். அதனால்தான் அந்தத் தோல்வியைக் கட்டியெழுப்புவதில் கூடுதல் கவனம் வேண்டும். 2015 ஒக்டோபரில் வந்த ரெஸ்லிங் வீடியோ கேமான 2கே16 இந்த விஷயத்தைப் பெரும்பாலும் சரியாகப் பிடித்திருக்கிறது. செகண்ட் ஹேண்ட் டிஸ்க்காக வாங்கி இன்றைக்கும் விளையாடத் தகுந்த கேம். இங்கே எழுதுவது பிளேஸ்டேஷன் 4 பதிப்பைப் பற்றி.

முதலில் பிடியின் வேலை. எதிராளி தரையில் கிடக்கும்போது வலது ஸ்டிக்கை உள்ளே அழுத்தினால் பிடி விழும். கால்பக்கம் நிற்கிறீர்களா தலைப்பக்கம் நிற்கிறீர்களா என்பதைப் பொறுத்துப் பிடி மாறும். உடனே திரையில் ஒரு வட்டம் தோன்றும். பிடித்தவருக்குச் சிவப்புத் துண்டு, மாட்டியவருக்கு நீலத் துண்டு. இரண்டையும் வலது ஸ்டிக்கால் வட்டத்தில் சுற்ற வேண்டும். சிவப்பு நீலத்தின் மேல் படிந்திருக்கும் நேரமெல்லாம் பிடித்தவரின் அளவு ஏறும், விலகினால் மாட்டியவர் தப்பிக்கும் அளவு ஏறும். பட்டனைச் சகட்டுமேனிக்குக் குத்துகிற பழைய முறையைவிட இது எவ்வளவோ மேல். கட்டைவிரல் பலம் இங்கே எடுபடாது.

புதிதாக விளையாடுகிறவர்கள் ஆரம்பத்திலேயே பிடியைப் போட்டுவிட்டு, எதிராளி எளிதாகத் தப்புகிறான் என்று குறை சொல்வார்கள். மூச்சு நிறைய இருப்பவன், காலில் அடி வாங்காதவன் எப்படித் தட்டுவான்? முதலில் காலையே குறிவைத்து அடியுங்கள். நின்றபடி கீழ்க்கால் உதை, அவன் விழுந்த பிறகு முழங்காலில் மிதி. அவன் களைத்து எழத் தாமதிக்கும்போது பிடியைப் போடுங்கள். கயிற்றுக்கு அருகில் போட்டால் கயிற்றைத் தொட்டுத் தப்பிவிடுவான், ஆகவே ரிங்கின் நடுவில் விழவைப்பது முக்கியம். மாட்டிக்கொண்டவர் ஒரே திசையில் ஓடக் கூடாது. சிவப்பு நெருங்கும் நேரத்தில் சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்பினால் அது தாண்டிப் போய்விடும்.

நல்ல சப்மிஷன் முடிவுக்கு நிஜ ரெஸ்லிங்கில் தேவைப்படுவதும் இதே வரிசைதான். 2005-இல், டபிள்யூ.டபிள்யூ.ஈயின் வருடாந்தப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 21-இல் கேர்ட் ஏங்கல் ஷோன் மைக்கல்ஸின் கணுக்காலைப் பிடித்து முறுக்கினார். மைக்கல்ஸ் உடனே தட்டவில்லை. நகர்ந்தார், துடித்தார், ஏங்கல் காலோடு கால் பின்னிப் படுத்த பிறகும் தாங்கினார், கடைசியில்தான் தட்டினார். அந்த இரவு அவர் மதிப்பு ஒரு படி ஏறியது. 2010-இல் ஓய்வு பெறும்வரை உச்ச வரிசையிலேயே இருந்தார். 2011 ரெஸில்மேனியா 27-இல் ட்ரிபிள் எச் அண்டர்டேக்கரிடம் தட்டினார். ஆனால் வென்ற அண்டர்டேக்கரைத்தான் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு ட்ரிபிள் எச்சைப் பலவீனமானவர் என்று யார் சொன்னார்கள்?

இந்த கேமின் பெரிய சொத்து ரெஸ்லர் ஸ்டீவ் ஒஸ்டினின் வாழ்க்கையைச் சுற்றி அமைத்த, அவருடைய பழைய போட்டிகளை நாமே விளையாடும் ஷோகேஸ் பகுதி. அதில் 1997 மார்ச் 23, ரெஸில்மேனியா 13, பிரெட் ஹார்ட்டுடனான சப்மிஷன் போட்டியும் வருகிறது. நடுவர் கென் ஷம்ரொக். முகமெல்லாம் இரத்தம் வழிய, ஷார்ப்ஷூட்டர் என்ற கால் பிடியில் மாட்டிய ஒஸ்டின் தட்டவே இல்லை, மயங்கினார், போட்டி நிறுத்தப்பட்டது. தோற்றவர் கூட்டத்தின் நாயகனாகவும் வென்றவர் வில்லனாகவும் மாறிய போட்டி அது. மறு வருடம் ரெஸில்மேனியா 14-இல் ஒஸ்டின் சாம்பியன். சப்மிஷன் தோல்வி ஒருவரை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இந்தப் பகுதிக்காகவே டிஸ்க்கை வாங்கலாம்.

குறை எங்கே என்றால், வழக்கமான போட்டிகளில் அந்த நுணுக்கம் இல்லை. பிடித்தவரின் அளவு நிரம்பியதும் ஆள் தட்டிவிடுகிறான், அவ்வளவுதான். மயங்கும்வரை தாங்கியவனையும் வலிக்கு முன்பே பயந்தவனையும் பிரித்துக் காட்டும் வழி இல்லாதது உண்மையாகவே வருத்தம்.

அசூக்கா என்ற வீராங்கனையின் உதாரணத்தை இங்கே சேர்க்க வேண்டும், ஏனென்றால் தட்டினால் மதிப்புக் குறையும் என்கிறவர்கள் முதலில் எடுப்பது அதைத்தான். 2018 ரெஸில்மேனியா 34-இல் சார்லட்டிடம் தட்டி, அதுவரை தோல்வியே காணாத தொடரை இழந்தார். அந்தப் போட்டியில் குறையே இல்லை. அவரைக் குறைத்தது, அடுத்த மாதங்களில் கார்மெல்லாவிடம் குறுக்கு வழிகளில் அடுத்தடுத்துத் தோற்க வைத்ததுதான். தட்டியதன் மீது பழி போடுவது தவறான ஆளைப் பிடிப்பது.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஒன்லைன் சேவை நிறுத்தப்பட்டுவிட்டது, மற்றவர்கள் உருவாக்கிய ஆட்களை இறக்க முடியாது. பிளேஸ்டேஷன் 4-இல் எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும், கூடுதல் பாகங்கள் மட்டும் டிஸ்க்கின் பிராந்தியத்தோடு ஒத்துப்போக வேண்டும். கொன்ட்ரோலரின் வலது ஸ்டிக் தானாக நகர்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். அப்படி நகர்ந்தால் வட்டத்தில் உங்கள் துண்டு சொன்ன இடத்தில் நிற்காது, சப்மிஷன் முழுக்க வீண். டிவியில் கேம் மோட் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், பிந்திவரும் படத்தில் திசை திருப்ப முடியாது. தோட்டத்து லயன் வீடுகளில் கரண்ட் ஏறி இறங்கும் நேரத்தில் சேவ் ஆகிக்கொண்டிருந்தால் ஷோகேஸ் முன்னேற்றம் கெட்டுப்போகலாம், சிறிய யூ.பி.எஸ் ஒன்று வைப்பது நல்லது. ஒக்டோபர், நவம்பர் இடிமழைக் காலத்தில் அதையும் நம்பாமல், இடி கேட்டதும் ப்ளக்கையும் டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள்.