மட்டக்களப்பில் விற்கும் ‘பிறீமேசன் சின்னங்கள்’ சுவர்ப்பலகை: வாங்க முன் பார்க்க வேண்டியவை

மட்டக்களப்பு நகரில் பெயர்ப்பலகை, பரிசுக் கேடயம், திறப்புக்கோர்வை என்று லேசரில் வெட்டிக் கொடுக்கும் கடைகளில் ஒன்று ‘பிறீமேசன் சின்னங்கள்’ என்றொரு சுவர்ப்பலகை செய்து விற்கிறது. பிறீமேசன், சுருக்கமாக மேசன், என்பது கல்வேலைக்காரரின் கருவிகளைச் சின்னமாக வைத்து ஒழுக்கம் போதிக்கும் சகோதர சங்கம். 18 அங்குல அகலம், 12 அங்குல உயரம். வரிசைக்கு நான்காக மூன்று வரிசையில் 12 சின்னங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரித் தமிழ் விளக்கம். 6 மில்லிமீற்றர் எம்டிஎஃப் (மரநார்ப் பலகை), 3 மில்லிமீற்றர் தெளிந்த அக்ரிலிக், ‘பித்தளை’ என மூன்று வகையில் கிடைக்கிறது. கடையின் பெயர் இங்கே தேவையில்லை. கோளாறுகளில் முக்கால்வாசி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படங்களோடு வந்தவை. அதே படங்களைக் கல்முனையில் கொடுத்து வெட்டினாலும் இதே பலகைதான் வரும்.

வெட்டு வேலை சுத்தம். விளிம்பில் கரி இல்லை, எழுத்து ஆழம் எல்லா இடமும் ஒன்றாக இருக்கிறது. பிழையெல்லாம் படத்தில்தான். இந்தச் சின்னங்களில் பாதி, கல்வேலைக்காரரின் கருவிகள். கருவியின் வடிவம் பிசகினால் அது சொல்ல வந்த பொருளும் பிசகிவிடும்.

எல்லாருக்கும் தெரிந்த சின்னத்தையே பார்ப்போம்: மூலைமட்டமும் கவராயமும். கவராயத்தின் பிணைப்பு மேலே, முனைகள் கீழே; மூலைமட்டத்தின் மூலை கீழே, கைகள் மேல்நோக்கி. மூலைமட்டம் நடத்தையின் நேர்த்தி, கவராயம் ஆசைகளுக்குப் போடும் எல்லை. பலகையில் இரண்டும் இருக்கின்றன. ஆனால் மூலைமட்டத்தின் மூலையில் ஏ4 கடதாசியின் முனையை வைத்துப் பாருங்கள், பொருந்தாது. பெட்டி அகலமாக இருக்கிறதென்று படத்தைப் பக்கவாட்டில் இழுத்து நிரப்பியிருக்கிறார்கள். 15 சதவீதம் இழுத்தாலே 90 பாகை ஏறத்தாழ 98 பாகை ஆகிவிடும். செங்கோணம் இல்லாத மூலைமட்டத்தை வைத்து நேர்த்தியைப் பற்றி என்ன சொல்வது? கோரல்டிரோ என்ற வரைகலை மென்பொருளில் படத்தின் நடுப்பக்கப் பிடியை இழுக்காமல் மூலைப் பிடியை இழுத்தால் இந்தப் பிரச்சினையே வராது. கவராயத்தின் விரிவுக்கு இவ்வளவு இறுக்கமான விதி இல்லை; பொதுவாக 60 பாகையை ஒட்டி வரைவார்கள். மேசன் கிளைச் சங்கத்துக்கு லொட்ஜ் என்று பெயர்; அவற்றுக்கு மேலான இங்கிலாந்துப் பெரும் லொட்ஜின் தலைவர் அணியும் பதக்கத்தில் மட்டும் 45 பாகை என்று வகுத்திருக்கிறது.

அதைவிடப் பெரிய பிழை, ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்போது எது மேலே எது கீழே என்பது. மேசன் உறுப்பினர் ஏறும் படிகள் மூன்று. முதற் படியில் கவராயத்தின் இரண்டு முனைகளும் மூலைமட்டத்துக்குக் கீழே மறைந்திருக்கும். இரண்டாம் படியில் ஒரு முனை மேலே வரும். மூன்றாம் படியான மாஸ்டர் மேசனில் இரண்டு முனைகளும் மேலே தெரியும். படிக்குப் படி அறிவு வெளிப்படுவதைக் காட்டுகிற ஏற்பாடு இது. பலகையில் ‘மாஸ்டர் மேசன் சின்னம்’ என்று எழுதிவிட்டு, இரண்டு முனைகளையும் மூலைமட்டத்துக்கு அடியில் தள்ளியிருக்கிறார்கள். அதாவது புதிதாகச் சேர்ந்தவரின் அடையாளத்துக்கு மூன்றாம் படிக்காரரின் பெயர். எம்டிஎஃப் வகையில் இன்னும் மோசம்: வெளிக்கோடுகளை மட்டும் பொறித்ததால் ஒன்றை ஒன்று வெட்டுமிடத்தில் இரண்டு கோடுகளும் அப்படியே ஓடுகின்றன, எது மேலே என்றே தெரியவில்லை. கணினித் திரையில் ஒரு படம் மற்றதை மறைக்கும். லேசருக்கு மறைப்பது தெரியாது, கோடு கண்ட இடமெல்லாம் எரிக்கும். குறுக்கிடும் இடத்தில் கீழே போகும் கோட்டை வெட்டி நீக்கிவிட்டுத்தான் கணினிக் கோப்பை லேசருக்கு அனுப்ப வேண்டும்.

நடுவில் உள்ள ‘ஜி’ எழுத்து கடவுளையும் கேத்திர கணிதத்தையும் குறிக்கும் ஆங்கில முதலெழுத்து. அமெரிக்க மேசன்கள் அதை இந்த இரண்டு கருவிகளுக்கு நடுவில் போடுவது வழக்கம். ஆங்கில மரபில் பொதுவாக அந்த எழுத்து லொட்ஜ் மண்டபத்தின் நடுவே மேலிருந்து தொங்கும், சின்னத்துக்குள் வராது. இலங்கையில் உள்ள லொட்ஜ்கள் ஆங்கில, ஸ்கொட்லாந்து, ஐரிஷ் மரபுகளின் கீழ் நடப்பவை. தாத்தா ஆங்கில மரபு லொட்ஜ் ஒன்றில் இருந்தார், அவர் நினைவுக்கு ஒரு பலகை என்று கேட்பவர்கள் ‘ஜி’யை எடுக்கச் சொல்வது நல்லது. அவருடைய பழைய பதக்கமோ ஏப்ரனோ வீட்டில் இருந்தால் அதையே படம் எடுத்துக் கொடுங்கள்.

மட்டமும் தூக்குக்குண்டும் அடுத்தடுத்து வருகின்றன. விளக்கம் இரண்டும் சரி: மட்டம் சமத்துவம், தூக்குக்குண்டு நேர்மை. லொட்ஜில் தலைவருக்கு அடுத்த பொறுப்பாளர்கள் இரண்டு வார்டன்கள்: முதலாம் வார்டனின் பதக்கம் மட்டம், இரண்டாம் வார்டனுடையது தூக்குக்குண்டு, தலைவருடையது மூலைமட்டம். ஆனால் மட்டத்துக்குப் போட்டிருக்கும் படம் நடுவில் நீர்க்குமிழி உள்ள, இன்றைக்கு ஹார்ட்வெயார் கடையில் வாங்கும் மட்டம். மேசன் சின்னத்தில் வருவது அதற்கு முந்திய வகை: கிடையாக ஒரு சட்டம், அதன் நடுவில் செங்குத்தாக ஒரு கம்பு, கம்பின் உச்சியிலிருந்து தொங்கும் நூல். நூல் நடுக்கோட்டில் விழுந்தால் அடிச்சட்டம் மட்டம். குமிழிப் படத்தைப் போட்டால் பக்கத்தில் இருக்கும் தூக்குக்குண்டோடு அதற்குள்ள உறவு அறுந்துபோகும். இரண்டும் வேலை செய்வது ஒரே தொங்கு நூலால்தான்.

அளவுகோலிலும் இதே கதை. பள்ளிப் பிள்ளையின் 30 சென்றிமீற்றர் அடிமட்டம் அப்படியே வந்திருக்கிறது. அது 24 அங்குலக் கோலாக இருக்க வேண்டும், ஏனென்றால் 24 பிரிவும் நாளின் 24 மணித்தியாலம். வழிபாட்டுக்கு ஒரு பங்கு, உழைப்புக்கும் இளைப்பாறலுக்கும் ஒரு பங்கு, உதவி தேவைப்படும் நண்பனுக்கு ஒரு பங்கு என்று ஆங்கில மரபு பிரிக்கிறது. அமெரிக்காவில் எட்டு எட்டாக மூன்று சமபங்கு. 24 கோடுகளை எண்ணக்கூடிய மாதிரிப் போடச் சொல்லுங்கள். சின்னதாக இருந்தாலும் ஓர் அங்குலக் கோடு தெளிவாகத் தெரிந்தால் போதும். சுத்தியலுக்கு நீதவான் மேசையில் இருக்கும் மரச்சுத்தியல் வந்திருக்கிறது. தலைவர் கூட்டம் நடத்தத் தட்டுவது அந்த மாதிரித்தான், ‘அதிகாரம்’ என்ற விளக்கமும் அதற்குப் பொருந்தும். முதற் படியின் கருவியோ கல் கொத்தும் சுத்தியல்: தலையின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் கூர். அது கரடுமுரடான கல்லின் முண்டுகளைத் தட்டிவிடுவது, மனச்சாட்சியின் வலு. அந்தக் கரடுமுரடான கல்லும் செதுக்கி முடித்த கல்லும் பலகையில் எங்குமே இல்லை. மேசன் போதனை முழுக்க முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கிப் போவதுதான். 12 இடத்தில் அவற்றுக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை என்பது வியப்பு.

நூற்றுக்கு நூறு சரியாக வந்த ஒரே படம் யூக்ளிட்டின் 47ஆம் தேற்றம். செங்கோண முக்கோணி, மூன்று பக்கத்திலும் சதுரங்கள், 9, 16, 25 கட்டங்கள். ஆங்கில மரபில் தலைவராக இருந்து ஓய்ந்தவரின் பதக்கத்தில் மூலைமட்டத்தின் கீழ் தொங்குவது இதுதான். விளக்கத்தில் ‘பைதகரஸ் தேற்றம்’ என்று மட்டும் போட்டு விட்டிருக்கிறார்கள். ஆரையம்பதியில் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும் மேசன் ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வரும்வரை கயிற்றை அசைத்து மூலை எடுப்பாரே, அதேதான். பெரிய மூலைக்கு 6, 8, 10. இதை ஒரு வரியில் எழுதியிருந்தால் பார்க்கிற எவருக்கும் உடனே விளங்கும்.

இரட்டைத் தூண்கள் எம்டிஎஃப்பில் சரி, அக்ரிலிக்கில் மாறிவிட்டன. பைபிளின் 1 இராஜாக்கள் 7ஆம் அதிகாரத்தில் சாலொமோன் ஆலய மண்டபத்தின் வலப்பக்கத் தூண் யாகீன், இடப்பக்கத் தூண் போவாஸ். ஒவ்வொன்றும் 18 முழ உயரம். யார் எந்தத் திசையில் நின்று பார்ப்பது என்று வாதாட இடம் உண்டு. இங்கே நடந்தது அந்த வாதம் அல்ல. தெளிந்த அக்ரிலிக்கைப் பின்புறத்தில் பொறிப்பார்கள், அதனால் முழுக் கோப்பையும் கண்ணாடி விம்பமாகத் திருப்ப வேண்டும். இவர்கள் எழுத்துகளை மட்டும் திருப்பிவிட்டுப் படங்களை விட்டுவிட்டார்கள். எழுத்து நேராக வாசிக்கிறது, படங்கள் எல்லாம் இடம்வலம் மாறி நிற்கின்றன. மற்றச் சின்னங்களில் பெரிதாகத் தெரியாது. தூணில் தெரியும்.

ஏப்ரன் படத்திலும் பொருளைப் பற்றிய ஒரு சிக்கல். மேசன் ஏப்ரன் வெள்ளை ஆட்டுக்குட்டித் தோல். 14 முதல் 16 அங்குல அகலம், 12 முதல் 14 அங்குல உயரம், மேலே மடல். முதற் படிக்கு வெறும் வெள்ளை, இரண்டாம் படிக்கு இரண்டு நீலப் பூமுடிச்சு, மூன்றாம் படிக்கு மூன்று பூமுடிச்சும் நீல ஓரமும். எம்டிஎஃப்பில் பொறித்த இடம் கருகிக் கபிலமாகும். ஆகவே ஏப்ரனின் உள்பகுதியைப் பொறிக்காமல் விட்டு ஓரத்தை மட்டும் பொறிக்க வேண்டும். அக்ரிலிக்கில் பொறித்த இடம் வெண்பனியாகும். அங்கே உள்பகுதியைத்தான் பொறிக்க வேண்டும். ஒரே கோப்பை இரண்டுக்கும் ஓட்டியதால் எம்டிஎஃப்பில் கருகிய கபில ஏப்ரன் வந்திருக்கிறது. தூய்மைக்கு அடையாளமான வெள்ளைத் தோலுக்கு இது பொருந்தாது.

மிச்சம் நான்கு படமும், இலுமினாட்டி என்ற இரகசியக் குழு உலகை ஆள்வதாகச் சொல்லும் யூடியூப் வீடியோக்களின் பிள்ளைகள். முக்கோணத்துக்குள் கண் மேசன் சின்னம்தான். மேலே சொன்ன பெரும் லொட்ஜ் தலைவரின் பதக்கத்திலும் இருக்கிறது. எல்லாம் காணும் இறைவனின் கண் என்பதே பொருள், கிறிஸ்தவ ஓவியத்திலும் பழையது. பலகையோ ‘உலகைக் கண்காணிக்கும் இரகசியக் குழு’ என்கிறது. ஒற்றைக் கண்ணைக் கண்டதும், இஸ்லாமிய நம்பிக்கையில் இறுதிக்காலத்தில் வரும் ஒற்றைக்கண் பொய்யனான தஜ்ஜால் வரைக்கும் போகிறவர்கள் உள்ள ஊரில் இப்படி ஒரு வரியை எழுதி விற்பது பொறுப்பில்லாத வேலை. டொலர் தாளின் பிரமிட்டு மேசன் சின்னமே அல்ல. அது 1782இல் அமெரிக்க அரச முத்திரைக்கு வரைந்தது, 1935இல் ஒரு டொலர் தாளுக்கு வந்தது. அடியில் ரோம எண்ணில் உள்ள 1776 அமெரிக்கச் சுதந்திர ஆண்டு. பவேரியாவில் இலுமினாட்டி தொடங்கியதும் அதே ஆண்டு என்பதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய கதையே கட்டிவிட்டார்கள். ஆட்டுத்தலையும் ஐங்கோண நட்சத்திரமும் அதைவிடத் தூரம்: மேசன்கள் சாத்தானை வணங்குவதாக லியோ தக்சில் என்ற பிரெஞ்சுக்காரர் 1885இல் தொடங்கி எழுதித் தள்ளி, 1897 ஏப்ரலில் பாரிசில் கூட்டம் கூட்டி எல்லாம் தன் புளுகு என்று தானே அறிவித்தார். மண்டையோடு மூன்றாம் படிக்கு உரியது. சாவை நினைத்து வாழச் சொல்வதுதான் அதன் பொருள். ‘துரோகிக்குத் தண்டனை’ என்று எழுதியிருப்பது தவறு. பக்கத்தில் ஓர் அக்கேசியாக் கிளை இருந்தால் சாவுக்குப் பிந்திய வாழ்வும் சேர்ந்து படம் நிறைவாகும்.

பிரமிட்டையும் ஆட்டையும் எடுத்துவிட்டு அந்த இரண்டு இடத்திலும் கரடுமுரடான கல்லையும் செதுக்கி முடித்த கல்லையும் வைக்கச் சொல்வதே எங்கள் முதல் ஆலோசனை.

பொருளின் தரத்துக்கு வருவோம். எம்டிஎஃப்பின் முன்பக்கம் மட்டும் வார்ணிஷ் பூசியிருக்கிறது. கார்த்திகை, மார்கழி மாரியில் வெறும் விளிம்பும் பின்புறமும் ஈரம் குடித்து ஊதும், பலகை வளையும். விளிம்புக்கும் பின்புறத்துக்கும் சீலர் இரண்டு பூச்சுக் கேளுங்கள்; சுவரோடு ஒட்டாமல் அரை அங்குலம் விலக்கித் தொங்கவிடுங்கள். அக்ரிலிக்கைத் தின்னர், ஸ்பிரிட் எதனாலும் துடைக்கக் கூடாது, லேசர் வெட்டிய விளிம்பில் மயிரிழை வெடிப்புகள் விழும். சவர்க்காரத் தண்ணீரே போதும். திருகாணித் துளை ஆணியைவிட 1 மில்லிமீற்றர் பெரிதாக இருக்கட்டும், இறுக்கி முறுக்கினால் வெடிக்கும். கல்லடிப் பக்கத்து உப்புக்காற்றுக்குக் குரோம் பூசிய இரும்புப் பிடிகள் துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். ‘பித்தளை’ என்பது பித்தளை அல்ல, கறுப்புப் பிளாஸ்திக்கின் மேல் பொன்னிறத் தோல். பக்கவாட்டு விளிம்பைப் பார்த்தால் கறுப்புத் தெரியும். இந்தக் கடைகளில் உள்ள சீஓடூ லேசரால் பித்தளையை வெட்ட ஏலாது. உள்சுவருக்கு அந்தத் தகடு பரவாயில்லை, பித்தளை விலைக்கு வாங்காதீர்கள்.

விளக்கங்களைத் திருத்தி வட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னொரு வில்லங்கம்: கடையில் இருப்பது பாமினி எழுத்துரு, நீங்கள் அனுப்புவது யூனிகோட். மாற்றாமல் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி ‘கோல்’ வேறென்னவோ ஆகும். ஆகவே 18க்கு 12 அளவிலேயே கடதாசியில் ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்லி, மூலைமட்டத்துக்கு ஏ4 முனையை வைத்து, 24 கோடுகளை எண்ணி, எழுத்தை ஒவ்வொன்றாக வாசித்த பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள். பரிசாகக் கொடுப்பதென்றால் பெறுபவர் யார் என்பதையும் பாருங்கள்: கத்தோலிக்கர் மேசன் சங்கத்தில் சேர்வதைத் திருச்சபை 1738இல் தடைசெய்தது, 1983இல் அதை மீண்டும் உறுதிப்படுத்தியது. புளியந்தீவில் ஒரு கத்தோலிக்க வீட்டுக்குக் குடிபூரலுக்கு இதை எடுத்துப் போக முன் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.