கொழும்பில் கப்பிக் குஞ்சுக்கு ஹீட்டரா? வாங்கி ஏமாந்த கதை

கொழும்பில் இருந்துகொண்டு மீன் தொட்டிக்கு ஹீட்டர் வாங்கிய ஆள் நான்தான். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மீதியையும் வாசியுங்கள்.

மார்கழியில் மகளின் கப்பி மீன் குட்டி போட்டது. கண்ணும் வாலும் மட்டும் தெரிகிற, ஒரு சென்டிமீற்றர்கூட வராத 23 குஞ்சுகள். தாயே தின்றுவிடும் என்பதால் 15 லீற்றர் பெட்டி ஒன்றுக்கு மாற்றினோம். மகள் அன்றைக்கே பாதிப் பேருக்குப் பெயரும் வைத்துவிட்டாள்.

குஞ்சுகள் ஒளிந்துகொள்ளப் பாசி வாங்கத்தான் வெள்ளவத்தையில் ஒரு கடைக்குப் போனேன். "மழைக் குளிர் அக்கா, ஹீட்டர் இல்லாட்டி ஒரு குஞ்சும் மிஞ்சாது" என்றார் கடைக்காரர். முதல் நாள் இரவு நான் மின்விசிறி போட்டுத்தான் படுத்தேன். அது ஏன் அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லையோ! மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். 3,800 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டேன். "நாங்கள் இங்கதானே இருக்கிறம்" என்றார்.

பெட்டியில் கம்பனிப் பெயர் இல்லை. 100 வாட். லீற்றருக்கு ஒரு வாட் என்பதுதான் பொதுவான கணக்கு என்று பிறகுதான் தெரிந்தது. 15 லீற்றருக்கு இது எத்தனை மடங்கு பாருங்கள். 26 பாகையில் திருகி வைத்தோம். சிவப்பு லைட் எரிந்தது. படுக்கப் போகும்போதும் எரிந்துகொண்டே இருந்தது. வேலை செய்கிறது என்று நினைத்தேன். சூடு சரியானதும் அது தானாக அணைய வேண்டும்.

விடிய எழும்பிப் பார்த்தால், குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தபடி. கையை வைத்தேன், பிள்ளை குளிப்பாட்டுகிற தண்ணீர் போல இருந்தது. மாடிவீட்டு அண்ணையிடம் தெர்மோமீற்றர் வாங்கி விட்டால் 36. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும், மீனுக்கோ அப்போதுதான் கூடத் தேவைப்படும். மத்தியானத்துக்குள் 19 போய்விட்டன. மிச்சம் நாலும் இரண்டு நாள்தான்.

அந்த அண்ணைக்கு மின்வேலை தெரியும், ஹீட்டரைக் கழற்றிக் காட்டினார். சூடானதும் விலக வேண்டிய இரண்டு சின்னத் தகடுகள் கரிபிடித்து ஒட்டிக் கிடந்தன.

கடைக்குத் திரும்பப் போனேன். "உங்கட பைப் தண்ணியில குளோரின் கூட அக்கா." ஒரு நாள் முழுக்க வாளியில் வைத்த தண்ணீர் என்றேன். "அப்ப 5,500க்கு நல்ல மொடல் இருக்கு, அதை எடுங்கோ." அப்போதுதான் அவருடைய தொட்டிகளைப் பார்த்தேன். ஒன்றிலும் ஹீட்டர் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அது விக்கிற மீன்தானே" என்றார். முறையிட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பில் இல்லாமல் என்னத்தைக் காட்டுவது என்று விட்டுவிட்டேன். அது என் பிழை.

கப்பிக்கு 24 முதல் 28 பாகை போதும். கொழும்பில் வீட்டுக்குள் இருக்கும் தண்ணீர் அதற்குக் கீழே இறங்குவது குறைவு. நுவரெலியாவில் இருப்பவர்கள் ஹீட்டர் வாங்கினால் நியாயம். இங்கே வாங்க வேண்டியது சில நூறு ரூபாவுக்கு வரும் தெர்மோமீற்றர்தான்.

பெண் கப்பி, ஆணின் விந்தை மாதக் கணக்கில் உடம்புக்குள் வைத்திருக்கும். ஆண் மீன் பக்கத்தில் இல்லாமலே நாலு கிழமையில் எங்கள் தாய் மறுபடி குட்டி போட்டது. இந்த முறை ஹீட்டர் இல்லை. ஸ்பொஞ் ஃபில்டரை மெதுவாக ஓட விட்டோம். அவித்த மஞ்சட் கருவை ஊசி முனையளவு ஒரு நாளில் மூன்று தரம் போட்டு, மிஞ்சியதைக் குழாயால் உறிஞ்சி எடுத்தோம். விட்டால் ஒரே இரவில் தண்ணீர் கெட்டுவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காற்பங்கு தண்ணீர் மாற்றினோம். தெர்மோமீற்றர் 25க்குக் கீழே இறங்கவே இல்லை. 30இல் 26 தப்பின, இப்போது ஆண்களின் வாலில் நிறம் ஏறுகிறது.

மகள்தான் இன்னும் பெயர் வைக்கவில்லை. கேட்டால், "கொஞ்சம் வளரட்டும் அம்மா" என்கிறாள்.